சிறுவாணித் தண்ணீரும் ஒல்லிக் கம்பியும்

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு மின்னாற்பகுப்பு சொல்லிக்கொடுக்கிறேன். அதில் முதல் நான்கு வருடம் எனக்கே அது புரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (எங்கள் தலைமையாசிரியர் கட்டுரையெல்லாம் படிப்பவர் இல்லை என்ற தைரியம்தான்.)

தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாது, உப்பு கரைந்திருந்தால் கடத்தும், இரும்பை நேர்மின்வாயாக வைத்தால் அது கரையும் என்று கரும்பலகையில் அழகான கையெழுத்தில் எழுதிப் போடுவேன். பிள்ளைகளுக்குப் புரிந்தது. எழுதியவனுக்குத்தான் புரியவில்லை.

அந்த நான்காவது வருடம், சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கும் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர்களை மேஜையில் வைத்தார். ஒன்றில் எங்கள் வீட்டுத் தண்ணீர், மற்றதில் அவருடைய மிஷின் தண்ணீர். நான்கு இரும்புக் கம்பிகள் தொங்கும் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து, டம்ளருக்கு இரண்டு கம்பியாக முக்கி, சுவிட்சைப் போட்டார். இரண்டே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, சேறாகிவிட்டது. அவருடையது அப்படியே பளபளவென்று இருந்தது.

"பாருங்க சார், இத்தன நாளா நீங்க குடிச்சது இதைத்தான்."

அங்கே இருந்த ஒரே வேதியியல் ஆசிரியர் நான்தான். ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும். நானோ பணம் எடுக்க உள்ளே ஓடினேன். மிஷினை வாங்கியதோடு நிற்காமல், அந்தக் கம்பிப் பெட்டியையும் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு தெருவில் ஒரு வீடு விடவில்லை. ஆசிரியர் அறை, சித்தப்பா வீட்டுப் புதுமனைப் புகுவிழா என்று போன இடமெல்லாம் நல்ல தண்ணீரைச் சேறாக்கிக் காட்டினேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. ஆறு வீட்டில் பெண் பார்த்து, ஆறு வீட்டிலும் "சொல்லியனுப்பறமுங்க" என்று சொல்லிவிட்டு யாரும் சொல்லியனுப்பவில்லை. (இங்கே மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்கும் காலம் அப்போதே தொடங்கிவிட்டது. அதிலும் நான் முன்தலை வழுக்கையோடு நின்றேன்.) ஏழாவதாக வடவள்ளியில் ஓர் இடம் பொருந்தி வந்தது. பெண் பம்ப்செட் கம்பெனியில் உதிரி பாகங்களை அளந்து பார்த்து ஏற்கும் வேலையில் இருந்தாள். அவளுடைய அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார்.

"ஏங்கண்ணு, பொண்ணுப் பார்க்கப் போற எடத்துக்கு அந்தப் பொட்டி எதுக்கு?" என்றார் அம்மா. நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர்தான். அதைக் குடித்த பிறகுதான் மற்ற பேச்சு. பெண்ணின் அப்பா சொம்பைத் தானே கொண்டுவந்து நீட்டினார்.

"குடிங்க தம்பி. சிறுவாணித் தண்ணிங்க."

"இல்லீங்க. நான் வெளியில தண்ணி குடிக்கறதில்லீங்க" என்று பையிலிருந்து என் பாட்டிலை எடுத்தேன்.

இனிப்புக்குப் பேர்போன தண்ணீர் என்று ஊரே பெருமைப்படுவதை வேண்டாம் என்றதில் அவர் முகம் சுருங்கிவிட்டது. "சிறுவாணிங்க தம்பி" என்றார் மறுபடியும், எனக்குக் காது சரியில்லையோ என்ற சந்தேகத்தில். அம்மா என் தொடையில் கிள்ளினார். நான் அதை ஊக்கமாக எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

ஒரு டம்ளரில் சிறுவாணி, ஒரு டம்ளரில் என் பாட்டில் தண்ணீர். சிங்காநல்லூரில் இரண்டு நிமிடத்தில் வருகிற சேறு அங்கே பத்து நிமிடமாகியும் லேசாகத்தான் வந்தது. தண்ணீரில் உப்பு குறைவு என்று அர்த்தம். நானோ, "அழுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டிருக்குதுங்க" என்று விளக்கம் கொடுத்தேன்.

காப்பித் தட்டோடு வந்த பெண் என்னைப் பார்க்கவில்லை. தட்டை வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்து, பெட்டியைத் தூக்கிக் கம்பிகளைப் பார்த்தாள்.

"ஏனுங்க, புதுசுல இந்த நாலு கம்பியும் ஒரே கனந்தானுங்க?"

"ஆமாங்க."

"அப்பறம் இது ஒண்ணு மட்டும் ஏனுங்க ஒல்லியாயிருச்சு? அப்பா, அந்த வெர்னியரக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் அளந்தாள். மற்ற மூன்றும் ஆறு மில்லிமீட்டர். சேறு வரும் டம்ளரில் தொங்கிய ஒன்று மட்டும் நான்கு.

"ரெண்டு மில்லி எங்கீங்க போச்சு?"

அவள் உள்ளே போய் உப்பு ஜாடியோடு வந்தாள். என் பரிசுத்தமான பாட்டில் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, கம்பிகளை முக்கி, சுவிட்சைப் போட்டாள். சிறுவாணியைவிட வேகமாக அது சேறாகியது.

"இதுவும் சாக்கடைத் தண்ணிங்களா?" என்று கேட்டாள், ரொம்பவும் மரியாதையாக.

நான்கு வருடம் கரும்பலகையில் எழுதியதெல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. சேறு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. ஊரெல்லாம் நான் காட்டித் திரிந்த அழுக்கு என் பெட்டியின் துருதான். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன. எழுந்து ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஆசிரியனாகப் பிறந்துவிட்ட பாவம், தப்பான விடையை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

"தப்பு என்னுதுங்க" என்றேன். "கம்பிதாங்க கரையுது. நேர்மின்வாய். நான் பாடம் நடத்தறதே இதத்தானுங்க." பிறகு அந்தச் சொம்பை எடுத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். உண்மையிலேயே இனித்தது.

பஸ் காந்திபுரத்தில் நின்றதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "ஏழாவதும் போச்சு. இனி அந்தப் பொட்டியவே கட்டிக்க சாமி" என்றார்.

மறுநாள் பெண்ணின் அப்பாவே போன் செய்தார். "அம்மணிக்குச் சம்மதமுங்க. தப்புன்னு தெரிஞ்சதும் சபையில ஒத்துக்கிட்ட ஆளாமா." அம்மா என்னிடம் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

இன்றைக்கும் மாமனார் வீட்டில் சொம்பை நீட்டும்போது, "கம்பி வெச்சுப் பார்த்துட்டுக் குடிக்கறீங்களா மாப்ள?" என்றுதான் கேட்கிறார். என் மகள் நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதத் தேர்வில், 'அன்றாட வாழ்வில் மின்னாற்பகுப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக' என்று கேட்டிருந்தேன். 'என் அப்பா என் அம்மாவைப் பெண் பார்க்கப் போனது' என்று எழுதி, கம்பி கரைந்த கதையைப் படத்தோடு விளக்கியிருந்தாள். இரண்டு மதிப்பெண் கேள்வி. வேறு வழியில்லாமல் இரண்டையும் போட்டேன்.

பெற்றோர் கையெழுத்துக்காக வீட்டுக்குப் போன விடைத்தாள் மறுநாள் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. என் மனைவி கையெழுத்துப் போட்டு, அந்த விடைக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'ஒரு மதிப்பெண் குறைக்கவும். நான் உப்புப் போட்டதை எழுதவில்லை.'