பிரிக்கக் கூடாத குப்பை

பாசமுள்ள தங்கைக்கு, அண்ணன் சொல்லச் சொல்லப் பக்கத்துக் கடைத் தையல்காரர் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். உன் வீட்டில் முழங்கால் உட்பட அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

பெரிய பாலம் இடிந்து விழுந்ததே ஒரு வருஷம், ரேடியோக் கடைக்காரர் கோபித்துக்கொண்டு போய் மூன்றாம் நாளே திரும்பி வந்தாரே, அந்த வருஷம்தான் நான் குப்பைக் கொட்டகையில் பிளாஸ்டிக் பிரிக்கிற மேசைக்குப் போனேன். முப்பத்து நாலு வருஷம். ஒரு துண்டை மடக்கினால் போதும், பால் கவரா, தண்ணீர் பாட்டிலா, டப்பா மூடியா என்று கை சொல்லிவிடும். அந்தக் கைதான் இப்போது என்னைக் கெடுத்தது.

உன் மகள் என்னைத் தன் ஆராய்ச்சி அறைக்குக் குப்பை பொறுக்கித் தரத்தானே கூப்பிட்டாள். கண்ணாடி ஜாடியில் தண்ணீர், அதில் ஒரு மஞ்சள் பொடி, சுற்றிலும் நீல விளக்கு. வெளிச்சம் பட்டால் அந்தப் பொடி பிளாஸ்டிக்கை அரித்து, திரும்ப உபயோகிக்கிற திராவகமாக்கிவிடுமாம். எல்லாக் குப்பையையும் கலந்தே போடலாமாம். ஆனால் இரண்டாம் நாளே பொடி செத்துப்போகும், ஏனென்று அவளுக்கே தெரியாது. போன திங்கட்கிழமை, அந்த அறையை நடத்துவதா பூட்டுவதா என்று முடிவு செய்கிற மூன்று பேர் வருவதாக இருந்தது. அவள் ஒரு தட்டில் கலந்த குப்பையை நிறுத்து வைத்துவிட்டு, "மாமா, பத்து நிமிஷம் இதைப் பாத்துக்கங்க, அவங்களக் கூட்டிட்டு வரேன்"னு போனாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவள் வந்தபோது தட்டில் ஐந்து குவியல், அளவெடுத்து வைத்த மாதிரி.

"மாமா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"பிரிச்சிருக்கேம்மா."

"பிரிக்காமப் போடறதுதான் மாமா என் ஆராய்ச்சியே."

வந்தவர்களில் ஒருவர் சிரித்தார், மற்ற இருவர் குறித்துக்கொண்டார்கள். அவள் எல்லாவற்றையும் வாரிக் கலந்து நிறுத்தாள். எடை குறைந்தது. மாத்திரை அட்டைகளை மட்டும் நான் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன், கொட்டகையில் அது எப்போதும் வெளியேதான் போகும். தொட்டியைத் துப்புரவுக்காரம்மா அதற்குள் எடுத்துப் போய்விட்டாள். குறைந்த எடையோடே ஜாடியில் போட்டுவிட்டு, "நீங்க வீட்டுக்குப் போங்க மாமா"ன்னு சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை. அவளுடைய ஆறு வருஷ உழைப்பு என் பத்து விரலால் போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அவளிடம் ஒரு வார்த்தை பேசு. நான் வேண்டுமானால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்காருகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரும் தீர்க்காயுசோடு, நல்ல பல்லோடு இருக்கட்டும்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை அடித்துவிடு. மறுபடி முதலிலிருந்து எழுத முடியாது என்கிறார் தையல்காரர். உன் மகள் இப்போதுதான் வந்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நாளாகியும் பொடி சாகவில்லையாம். அதை இத்தனை காலமும் கொன்றது மாத்திரை அட்டைதானாம். துண்டாகிவிட்டால் பார்வைக்கு அதுவும் தண்ணீர் பாட்டிலும் ஒன்றுதான், விரலுக்குத்தான் வேறு. அறையைப் பூட்டவில்லை. இனிக் குப்பை மூட்டை மூட்டையாக வருமாம், அந்த ஒரு ஜாதியை மட்டும் பொறுக்கி எறிய என்னோடு இன்னொரு ஆள் வேண்டுமாம். "அந்த மேசையில நின்னவங்க வேற யாரு மாமா இருக்காங்க?"ன்னு கேட்டாள். மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். ஊமையன் போய்விட்டான். இரட்டைச் சகோதரிகள் ஒரே மழைக்காலத்தில் போனார்கள். கல்யாணத்துக்கு முன் நீ அங்கே நின்ற இரண்டு வருஷத்தை யாரிடமும் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய், மறக்கவில்லை. ஆனால் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது. "ஒருத்திதாம்மா மிச்சம்"னேன். யாரென்றாள். உங்கம்மா என்றேன்.