கோழிக்கென்று கட்டிய கொட்டில்

என் சாய்மனைக் கதிரையை யாருக்காகவும் நகர்த்த மாட்டேன் என்று, பல்லேபொலவில் எங்கள் வீட்டுப் பின்கொட்டிலில் கால் நீட்டிப் படுத்தபடியே சபதம் எடுத்தேன். யாருக்காகவும் என்றால் கிருஷ்ணம்மாவுக்காக. எனக்கு வாய்த்தவள்.

எண்பத்தொன்பதாம் வருஷம். நாடெங்கும் கலவரம். பஸ் ஓடாது, கடை திறக்காது. மாத்தளைக்கு வேலைக்குப் போக வழியில்லாமல் வீட்டிலேயே கிடந்தேன். கிருஷ்ணம்மாவின் கண் கொட்டிலின் மேல் விழுந்தது. நாலு பக்கமும் சுவர் வைத்து அடைத்து, உள்ளே பரண் கட்டித் தந்தால், மீன்குழம்புக்குப் போடும் கொறக்காப்புளியைப் புகையில் காயவைப்பாளாம். போன வருஷ மழையில் முக்கால்வாசியும் பூஞ்சணம் பிடித்து, அதை விற்று அவள் கைச்செலவுக்கு வருவது போய்விட்டது. பாவம்தான். அதற்காக நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? முடியாது என்றேன். கிணற்றைத் தூர்வாரச் சொன்னபோதும் இதையேதான் சொன்னேன். அவள் சரிங்க என்று உள்ளே போய்விட்டாள். அப்படிச் சண்டை போடாமல் போகிறவள் இல்லை அவள்.

மறுநாள் பக்கத்து வீட்டு மக்கீன் வந்தான். ஹோட்டல் சமையல்காரன். வெள்ளைக்காரர் வராததால் அவனும் வீட்டில்தான். ஹோட்டலில் கோழிக்குப் புகை போடும் விதத்தை அவன் சொல்லச் சொல்ல எனக்கு வாயூறியது. முழுக் கோழியை இரவே உப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமாம். சிரட்டைத் தணலில் கறுவாப்பட்டை மரத்துக் கட்டையைப் போட்டு, அந்தப் புகையில் தொங்கவிட வேண்டுமாம். பூண்டும் மிளகும் போட்டு உருக்கிய பட்டரை அடிக்கடி தடவ வேண்டுமாம். ஹோட்டல் மூடும்போது கொடுத்தனுப்பிய பட்டர் டின்னையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"ஆனா அண்ணே, தொறந்த கொட்டில்ல புகை நிக்காது," என்றான்.

நிற்க வைக்கிறேன் பார் என்று எழும்பினேன். வரிச்சு கட்டினேன், மண் குழைத்துப் பூசினேன். பரண் கட்டும்போது கிருஷ்ணம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு கோழிக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பரண்? சின்னதாக் கட்டுங்களேன்."

உனக்கென்ன தெரியும் என்று இன்னும் ரெண்டு முழம் அகட்டினேன்.

"கதவெல்லாம் வேணாங்க."

கதவும் போட்டேன். பெண்சாதி சொன்னதற்கு மாறாகச் செய்வதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

மண் காய்ந்தது. மக்கீனே கோழியை அறுத்துத் தந்தான். மத்தியானம் தொங்கவிட்டது, பொழுது சாயும்போது பொன்னாக இறங்கியது. தொட்டுக்கொள்ள கிருஷ்ணம்மா காரத்துக்குக் கொச்சிக்காய், பூண்டு, சீனி போட்டு ஒரு சோஸ் காய்ச்சியிருந்தாள். அதில் ஒரு புளிப்பு இருந்தது. போன வருஷம் தப்பிப் பிழைத்த கொறக்கா என்றாள். அந்தச் சோஸ் இல்லாவிட்டால் என் கோழி வெறும் கோழிதான். மக்கீனும் அவன் பெண்சாதி றாபியாவும் எலும்பைக்கூட விடவில்லை. இந்த வட்டாரத்திலேயே என்னைப்போல் ஆள் கிடையாது என்று கிருஷ்ணம்மா அவர்கள் முன்னாலேயே சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடிந்து பார்த்தால் பரண் நிறையக் கொறக்கா. கதிரை பலாமரத்தடியில் நனைந்துகொண்டிருந்தது.

"கோழிதான் முடிஞ்சிருச்சே, கட்டுனது சும்மா கிடக்குதேன்னு பரப்புனேன்," என்றாள். "நெருப்ப மட்டும் பாத்துக்கிருங்க. ஒங்க கைக்குத்தான் புகை நிக்குது."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. ஒரு துண்டு இன்னொன்றைத் தொடாமல் அவள் பரப்பியிருந்த அழகைப் பார்த்து மலைத்துப்போனேன். இவளை ஒரு தோட்டத்துக்குத் துரையாகப் போட்டிருந்தால் தோட்டம் எங்கேயோ போயிருக்கும். மக்கீனை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. அவன் ஆசையாகச் சொல்லிக் கட்டிய கொட்டிலை இவள் பிடித்துக்கொண்டாளே.

உள்ளே குனிந்து தணலை ஊதிக்கொண்டிருந்தேன். வேலிப்பக்கம் மக்கீனின் குரல் கேட்டது.

"அக்கா, கொட்டில் வேல முடிஞ்சிது. கெணறு தூர்வார, அண்ணன்கிட்ட என்ன சமையல் சொல்லணும்?"