முப்பது முதல் ஐம்பது வரை

மாமியாருக்கும் தனக்கும் நடுவே குறைந்தது முப்பது கிலோமீட்டராவது இருந்தே தீர வேண்டும் என்று டார்மாஜி ஒரு காலையில் சபதம் எடுத்தான்.

காரணம் இருந்தது. ஜாவாத் தீவின் செமராங் நகரில் மாமியார் சுலாஸ்த்ரி குடியிருந்தது அடுத்த தெருவில். விடிந்ததும் டெம்பே என்கிற சோயா வில்லைகளைப் பொரித்துக் கொடுக்கிற சாக்கில் வந்தால், இரவு டிவி தொடர் முடிந்த பிறகுதான் கிளம்புவாள். அன்று டார்மாஜியின் பாட்டுக்குருவிக் கூண்டைப் போர்வையால் மூடிவிட்டாள்.

"கத்திக்கிட்டே இருக்கு மாப்பிள்ளை. உங்கள மாதிரி வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியலையே!"

நல்லவேளை, வாடகை ஒப்பந்தம் முடிகிற நேரம். வேலையும் எந்த ஊரிலிருந்தும் செய்யக்கூடிய கணினி வேலை. கைபேசியில் வீடு தேடும் தளத்தைத் திறந்தான். தூரத்துக்கு இரண்டு கட்டங்கள். எவ்வளவு முதல், எவ்வளவு வரை. எங்கிருந்து அளப்பது என்று கேட்டது. வரைபடத்தில் மாமியார் வீட்டைக் குத்தினான். சற்று பலமாகவே குத்தினான். அந்தப் படபடப்பில் 'ஐம்பது முதல் முப்பது வரை' என்று அடித்துவிட்டான்.

"ஜாவாவுல ஒரு வீடுகூட இல்லைங்குது!"

மனைவி ரெட்னோ கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன மாஸ் தேடுறீங்க?"

அந்த ஊரில் மனைவிமார் கணவனை 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். டார்மாஜியிடம் இருந்த ஒரே மாஸ் அதுதான்.

"சும்மா... காத்தோட்டமா ஒரு வீடு."

"பெரிச முதல்ல போட்டா எப்படி வரும்? சின்னது முதல்ல, பெரிசு அப்புறம்."

"நம்ம வீட்டுல பெரிசுதானே எப்பவும் முதல்ல வருது."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவளே எண்களை மாற்றினாள். வரைபடத்தைப் பார்த்தாள். அம்மா வீட்டுக் கூரைமேல் சிவப்புப் புள்ளி. டார்மாஜிக்கு வியர்த்தது.

"எங்கேருந்து முப்பது?"

"சந்தையிலேருந்து. ஒரே இரைச்சல்."

"அதுவும் சரிதான்." அவள் முகம் மாறவே இல்லை. அறைகளுக்கான கட்டத்தில் 'நாலு முதல் ஆறு வரை' என்று தட்டினாள்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு நாலு அறை?"

"உங்க மனசு மாதிரி வீடும் விசாலமா இருக்கட்டுமே மாஸ்."

மனிதன் உருகிவிட்டான். மலைமேல் சாலாதிகாவில், நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு அமைந்தது. கையெழுத்துப் போட்டுக் குடியேறினார்கள். மறுநாள் காலை பனி விலகாத முற்றத்தில் கைலியோடு நின்று, உலகத்திலேயே கெட்டிக்காரன் தான்தான் என்று டார்மாஜி சீட்டியடித்தான்.

அப்போது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. கட்டில் இறங்கியது. பீரோ இறங்கியது. டிவி இறங்கியது. கடைசியாக மாமியார் இறங்கினாள்.

"அத்தை... சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தீங்களா?" குரல் கீச்சிட்டது.

ரெட்னோ டிவியை உள்ளே தூக்கிக்கொண்டே சொன்னாள்: "பக்கத்துத் தெருன்னா ராத்திரி வீட்டுக்குப் போயிடுவாங்க. இவ்வளவு தூரம் எப்படித் திரும்பிப் போவாங்க மாஸ்? அதான் நாலு அறைன்னு போட்டேன்."