ஏர்விங்குக்குப் பூவாக்கு

குப்புராஜ் ஒரு முடிவெடுத்துவிட்டார். அவர் முடிவெடுத்தால் பெண்டாட்டி நிர்மலாவே வந்தாலும் மாற்ற முடியாது. அதனால்தான் அவளிடம் அதைச் சொல்லாமலே வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். ஒன்பதாவது படிக்கும் மகள் காவியாவின் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. ஏர்விங்குக்கு ஆள் எடுக்கிறார்கள். அப்பா கையெழுத்து வேண்டும். தேர்வுக்குத் தினமும் விடியக்காலையில் ஓட்டப் பயிற்சி, தேர்வானால் பரேடு, கேம்ப். எல்லாம் சரி. ஆனால் வீட்டில் ரெண்டு கறவை மாடு. விடியக்காலை அஞ்சு மணிக்குப் பால் கறப்பது காவியா. அவள் ஓடப் போய்விட்டால் கறப்பது யார்? நிர்மலாவைக் கேட்கலாம். கேட்கத் தைரியம் வேண்டும்.

"பொட்டப் புள்ளைக்கு ஏரோப்ளேன் என்னத்துக்கு?" என்று நிர்மலாவிடம் ஆரம்பித்தார்.

"மொத வருசமே ப்ளேனைக் கையில குடுத்துருவாங்களா? கையெழுத்தப் போடுங்க."

"ஒசரத்துல தல சுத்தும்."

"மொரப்பூர் ரயில் டேசன் படியேறுனாவே தல சுத்துறது உங்களுக்குத்தானுங்க. அவளுக்கு இல்ல."

"சரி, உம்பேச்சும் வேணாம், எம்பேச்சும் வேணாம். மாரியாத்தாகிட்ட பூவாக்கு கேட்டுருவோம். ரெண்டு பொட்டலம் கட்டி வெச்சு ஒண்ண எடுப்போம். வெள்ளைப் பூ வந்தா சேரட்டும். செவப்பு வந்தா அதோட பேச்சு முடிஞ்சுது."

நிர்மலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பொட்டலம் நான் கட்டட்டுங்களா?"

"நீ எதுக்கு? நானே கட்டிக்கறேன்."

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் ஒரு பூ பறித்துக் கொடுக்காத மனுஷன், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, ரெண்டு இலையிலும் செவப்பு அரளியையே வைத்துக் கட்டினார். எதை எடுத்தாலும் செவப்பு. தன் மூளையை நினைக்க அவருக்கே பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூணு பேரும் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். பூசாரி முனிராஜ் ரெண்டு பொட்டலத்தையும் தட்டில் வைத்து அம்மன் முன்னால் வைத்தார். "கேக்கறத சொல்லிக் கேட்டுக்குங்க" என்றார்.

குப்புராஜ் வாயைத் திறப்பதற்குள் நிர்மலா கையைக் கூப்பி, கோயிலுக்கே கேட்கும்படி சொன்னாள்: "ஆத்தா, செவப்பு வந்தா எம் புள்ள ஏர்விங்ல சேரட்டும். வெள்ளை வந்தா வேணாம்."

"ஏய், நாம பேசுனது வெள்ளைக்குத்தான?"

"ரெண்டுல ஒண்ணுதான வரப் போவுது? எதுவா இருந்தா உங்களுக்கு என்னங்க?"

பூசாரியும் "அதான?" என்றார். குப்புராஜ் என்ன சொல்வார் பாவம்? அதில் வெள்ளையே இல்லை என்றா சொல்ல முடியும்?

காவியா ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். செவப்பு. அவள் அப்பா காலில் விழுந்து எழுந்து ஃபாரத்தை நீட்டினாள். அந்த முகத்தைப் பார்க்க அவருக்கே ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நிர்மலாவிடம் மெதுவாகச் சொன்னார்: "சேரட்டும், வேணாங்கல. ஆனா காலையில பால் கறக்கறத நீ பாத்துக்க."

நிர்மலா, தட்டில் பிரிக்காமல் கிடந்த இன்னொரு பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் காதோரம் கேட்டாள்:

"இதையும் பூசாரிகிட்ட குடுத்துப் பிரிச்சுப் பாத்துருலாமுங்களா, இல்ல நாளையிலேர்ந்து நீங்களே கறந்துடறீங்களா?"