நாடில்லாத மொழிக்கு வாத்தியார்

சோவியத் யூனியன் கலைந்ததில் உலகத்திலேயே அதிகம் குழம்பிப்போனவர் மாஸ்கோவில் இல்லை. காந்திபுரத்தில், ஒரு சைக்கிள் கடை மாடியில் எங்களுக்கு ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தார். காங்கேயத்துக்காரர். பெயர் யாருக்கும் தெரியாது. 'ரஷ்யா வாத்தியார், கோயம்புத்தூர்' என்று எழுதினால் தபால் வந்து சேரும். ரஷ்யாவுக்குப் போனதில்லை, ஒரு ரஷ்யரைக் கண்ணால் கண்டதும் இல்லை.

1991 செப்டம்பரில் லெனின்கிராட் பெயர் மாறியது. எங்கள் முதல் பாடமே 'நான் லெனின்கிராடில் வசிக்கிறேன்' என்பதுதான். பொய் சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று அதை அடித்துவிட்டு மேட்டுப்பாளையம் என்று எழுதினார். வகுப்பு மொத்தமும் ரஷ்ய மொழியில் மேட்டுப்பாளையத்துக்குக் குடிபோனோம். டிசம்பரில் நாடே கலைந்தது. பிரிந்துபோன குடியரசுகளைச் சுவர் வரைபடத்தில் காகிதம் ஒட்டி மறைத்தார். பொங்கலுக்குள் படத்தைவிடக் காகிதம் அதிகமாகிவிட்டது.

மாணவர்களில் பெரும்பாலோர் அங்கே தேயிலையும் பனியனும் அனுப்புகிறவர்கள். ஏற்றுமதி நின்றதும் அவர்களும் நின்றார்கள். எதற்குப் படிக்கிறேன் என்று எனக்கே தெரியாத நான் மட்டும் மிஞ்சினேன். முதல் பாடத்தையே தாண்டாத தேயிலை ஏஜெண்ட் ஒருவர் மரியாதைக்காகச் சொல்லிக்கொண்டு போக வந்து, மில்களுக்கு ஜெர்மன் மெஷின் இறங்குகிறது, ஜெர்மன் நடத்தலாமே என்றார்.

"எனக்கு ஜெர்மன் தெரியாதுங்களே."

"ஒரு பாடம் முந்திப் படிச்சுப்போட்டு நடத்துங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"அது கெடக்கட்டுங்க. நாடே போயிருச்சு. இப்ப நான் என்ன வாத்தியாருங்க?"

ஏஜெண்ட் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வகுப்பை மூடிவிடலாம் என்று வாத்தியார் காலையில் முடிவெடுப்பார். சாயங்காலம் வந்து பாடம் நடத்துவார். இப்படியே மாதங்கள் போயின.

அடுத்த கோடையில் அந்த ஏஜெண்டிடம் தேயிலை வாங்க ரஷ்ய மொழி பேசும் ஓர் அம்மாள் வந்தார். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. வாத்தியாருக்கு ஆள் அனுப்பினார்கள். கல்யாண மாப்பிள்ளைபோல வியர்த்து வழிந்தபடி போனார், துணைக்கு நான். விலை கேட்கச் சொன்னார்கள். அவர் கேட்டது வேறு: நீங்கள் இப்போது எந்த நாட்டுக்காரர்?

அம்மாள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பிறந்தது ஒரு நாடு, வாழ்க்கைப்பட்டது இன்னொரு நாடு, பாஸ்போர்ட்டோ இல்லாமற்போன நாட்டினுடையது. எண்ணி முடித்துச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் இருவரும் நிறுத்தவே இல்லை. மூன்று முறை டீ வந்துவிட்டது.

"ஏனுங்க, வெலை என்ன சொல்றாங்க?" என்றார் ஏஜெண்ட்.

"அதை இன்னும் கேக்கலீங்க. எந்த நாடுன்னு அவிகளுக்கும் தெரியலையாமுங்க." வாத்தியார் முகமெல்லாம் சிரிப்பு. "ஆனா அவிக பேசறது எனக்குப் புரியுதுங்க. நான் பேசறது அவிகளுக்கும் புரியுதுங்க."

திங்கட்கிழமை வழக்கம்போல வகுப்பு நடந்தது. மூடுகிற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. நான் ரஷ்யா போகப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் அவர் இருந்தவரை ஒரு வகுப்பைக்கூட நான் விட்டதில்லை.