முதல் கார்டும் சைக்கிள் பாதையும்

ஆனி மாசக் கடைசி வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சின்ன மகளோட கல்யாணக் கார்ட என் மச்சான் வீட்டுல கொண்டு போய்க் குடுக்கணும். கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. அதனாலதான் இத இப்ப தைரியமா எழுதுறேன்.

மச்சான்னா என் சம்சாரத்தோட பெரிய தம்பி, செல்வராஜு. பொண்ணுக்குத் தாய்மாமன். எங்க வழக்கத்துல சாமிக்கு வச்ச பிறகு முதல் கார்டு தாய்மாமனுக்குத்தான். அங்க குடுக்காம வேற எவனுக்கும் குடுக்கக் கூடாது.

மறுநாள் ஆடி பொறக்குது. ஆடியில நல்ல காரியம் தொட மாட்டோம். அன்னைக்கோ வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம்.

"பத்தரைக்குள்ள குடுத்துடுங்க. விட்டா ஆடி முடிஞ்சிதான். ஆவணி பொறந்த அடுத்த வாரம் கல்யாணம். அவ்வளவு லேட்டா கார்டு போனா என் தம்பி வர மாட்டான். அவன் வரலன்னா நான் மேடையில ஏற மாட்டேன்" ன்னு சம்சாரம் சொல்லிட்டா.

எனக்கும் செல்வராஜுக்கும் எட்டு வருஷமா பேச்சு கிடையாது.

காரணம் சின்னது இல்ல. அவன் மகன் கல்யாணக் கார்டுல சொந்தக்காரங்க பேரா வரிசையா போட்டிருந்தான். முப்பத்தொரு பேரு, எண்ணிப் பாத்தேன். தாப்பா டவுன்ல அவனுக்கு வீடு வாடகைக்கு விட்டவன் பேரு கூட இருந்துச்சு. என் பேரு இல்ல. அந்தக் கார்ட இன்னும் அலமாரியில வச்சிருக்கேன். மனசு இளகுற மாதிரி இருந்தா எடுத்து ஒரு தடவ படிச்சுக்குவேன். சரியாப் போயிரும்.

அன்னைக்கிலேர்ந்து அவன் வீட்டு வாசப்படி மிதிச்சதில்ல, அவன் கார்ல ஏறுனதில்ல.

இத்தனைக்கும் அவன் வீடு எங்க அடுப்படி ஜன்னல்ல இருந்து தெரியும். மாடியில காயுற கைலி என்ன கலருன்னு சொல்லுவேன். நடுவுல சிம்பாங் பூலாய் பக்கம் போற பெரிய ரோடு ஒன்னு இருக்கு, அவ்வளவுதான். கார்ல போனா யூ டர்ன் எடுக்க எங்கேயோ போய்ச் சுத்தி வரணும்.

"காரு புக் பண்ணித் தரேன்" ன்னா சம்சாரம்.

"எதுக்கு? அதான் புதுசா சைக்கிள் பாதை போட்டிருக்காங்களே" ன்னேன்.

அந்தப் பாதையத் திறந்து வச்ச அன்னைக்கு நானும் வேடிக்கை பாக்கப் போயிருந்தேன். பெரிய மனுசர் ஒருத்தரு ரிப்பன் வெட்டுனாரு. தலையில ஹெல்மெட்டு, கையில கிளவுசு. போட்டோக்காரன் நிக்கிற இடம் வரைக்கும் சைக்கிள் ஓட்டுனாரு. அப்புறம் கார்ல ஏறிப் போயிட்டாரு. அதுக்கப்புறம் அதுல சைக்கிள் ஓட்டப் போற ரெண்டாவது ஆளு நான்தான்.

சம்சாரம் எவர்சில்வர் தட்டுல வெத்தல, பாக்கு, வாழைப்பழம், குங்குமம், மேல கார்டு எல்லாம் வச்சா. பேனாவ என் சட்டைப் பையில சொருகுனா.

"உறை மேல தம்பி பேர எழுதிடுங்க."

"சரி சரி."

எழுதல. அவன் என் பேர போட்டானா? நான் ஏன் அவன் பேர எழுதணும்? வெறும் உறையோடதான் கிளம்புனேன்.

தட்ட ஒரு பிளாஸ்டிக் பையில சுத்தி, சைக்கிள் பின்னால டியூப் ரப்பர் போட்டுக் கட்டுனேன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல ரெண்டு வாளி ரப்பர் பால் கட்டிக்கிட்டு மண்ணு ரோட்டுல சைக்கிள் ஓட்டுனவன் நான். ஒரு சொட்டு சிந்துனதில்ல. தார் ரோட்டுல ஒரு தட்டு என்ன பெரிய விஷயம்?

பாதை நீலக் கலருல நல்லாத்தான் இருந்துச்சு, தெரிஞ்ச இடத்துல. மத்த இடத்துல காரு நின்னுச்சு. ஒரு காருக்காரரு உள்ளேயே உக்காந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு.

"இது சைக்கிள் போற பாதைங்க" ன்னேன்.

கண்ணாடிய இறக்கி என்னையும் சைக்கிளையும் பாத்தாரு. "எந்த சைக்கிளு?" ன்னாரு.

இறங்கித் தள்ளுனேன். காரு வரிசை முடிஞ்சதும் பாதைக்கு நட்ட நடுவுல விளக்குக் கம்பம். அதச் சுத்திப் போனா 'சைக்கிள் பாதை'ன்னு மலாய்ல எழுதுன பலகை. அதையும் பாதைக்குள்ளேயேதான் நட்டிருந்தாங்க. தோள்ல இடிச்சுக்கிட்டேன்.

அதுக்கும் அந்தாண்ட பீட்டரோட தோசைக் கடை. பீட்டர் எங்க தோட்டத்து ஆளுதான், கீழ் லயத்துக்காரன். சம்சாரம் ரீத்தாவோட சேந்து கடை நடத்துறான். மேசை நாலு, நாற்காலி பதினாறு, எல்லாம் நீலப் பாதையில. ஒரு பக்கம் லொங்காங் சாக்கடை, எட்டிப் பாத்தா ஆள் ஆழத்துக்கு இருக்கு. இன்னொரு பக்கம் லாரி பறக்குது.

சைக்கிளத் தூக்கி மேசைக்கு மேல கொண்டு போனாத்தான் வழி. தட்ட அவுத்து, பைய எடுத்துட்டு, அடுப்புக்கிட்ட நின்ன பீட்டரு பக்கமா நீட்டுனேன்.

"பீட்டரு, இத வாங்கிக்கப்பா."

சைக்கிளத் தூக்குற வரைக்கும் கையில வச்சிருன்னு அர்த்தம். அத நான் வாய் விட்டுச் சொல்லியிருக்கலாம்.

பீட்டரு தோசைக் கரண்டியக் கீழ வச்சான். துண்டுல கையத் தொடச்சான். செருப்பக் கழட்டுனான். ரெண்டு கையாலயும் கார்ட எடுத்தான். உறையத் திருப்பிப் பாத்தான். பேரு இல்ல. கண்ணுல ஒத்திக்கிட்டான்.

"அண்ணே, கடைக்காரன் தானேன்னு எல்லாரும் எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பி விட்டுருவாங்க. நம்ம தோட்டத்து ஆளு ஒருத்தரு தட்டோட என் கடைக்கு வந்துருக்கீங்க. ரீத்தா, இங்க வாயேன், அண்ணன் மக கல்யாணம்."

கண்ணு கலங்கிருச்சு அவனுக்கு. வெத்தல ரெண்டும் ஒரு வாழைப்பழமும் முறையா எடுத்துக்கிட்டு தட்டத் திருப்பிக் குடுத்தான்.

தட்டுல வச்சு நீட்டுன கார்ட திருப்பிக் கேட்டவன் எங்க சனத்துல இன்னும் பொறக்கல. நானும் கேக்கல. "குடும்பத்தோட வந்துருப்பா" ன்னேன்.

அவனே சைக்கிளத் தூக்கி அந்தப் பக்கம் வச்சான். அதுக்குள்ள போன் அடிச்சுச்சு. சம்சாரம்.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு."

"ரெண்டு கையால வாங்கிக்கிட்டானா?"

"ரெண்டு கையால வாங்கி, கண்ணுல ஒத்தி, கண்ணு கலங்கிப் போச்சு."

ஒரு வார்த்தை கூட பொய் இல்ல.

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. "என் தம்பி மனசு எனக்குத் தெரியும். நீங்கதான் எட்டு வருஷமா கல்லு மாதிரி இருந்தீங்க. இருங்க, அவனுக்கு ஒரு போன் போடுறேன்."

"வேணாம். இப்பதான் அழுது ஓஞ்சிருக்கு. கால் மணி நேரம் விடு."

"அழுத மனுசங்கிட்டதான் ஆறுதலாப் பேசணும்" ன்னு சொல்லி வச்சிட்டா.

மணி பத்து ஆக மூணு நிமிஷம். திரும்பிப் போய் வேற கார்டு எடுத்தா அவகிட்ட மாட்டிக்குவேன். எடுக்காமப் போனா மச்சான்கிட்ட மாட்டிக்குவேன். எவன்கிட்ட அசிங்கப்பட்டாலும் பரவாயில்ல, ராகு காலத்துக்கு முன்னால வாயாலயாவது கூப்பிட்டுருவோம்னு மிதிச்சேன்.

நடைபாலத்துக்குக் கீழ வந்ததும் பாதை நின்னு போச்சு. பாலத்துல லிப்ட் இருக்கு, கதவுல சங்கிலியும் இருக்கு. சைக்கிள நிறுத்த வேற இடம் இல்லாம அங்கேயே பாதையில நிறுத்திப் பூட்டுனேன். தட்டத் தூக்கிக்கிட்டு படி ஏறுனேன். நாப்பத்தெட்டுப் படி. முட்டிதான் எண்ணுச்சு.

பாலத்து நடுவுல எதிர்ல ஒரு மோட்டர் சைக்கிள் வருது. ஆள் நடக்குற பாலத்துல. பின்னால கேஸ் சிலிண்டர் தோம்பு வேற கட்டியிருக்கு.

"பாக்சிக், தெப்பி சிக்கிட்" ன்னான் ஓட்டுனவன். பெரியவரே, கொஞ்சம் ஓரமா போங்கன்னு மரியாதையாத்தான் சொன்னான். நானும் தட்ட நெஞ்சோட அணைச்சு கம்பியோட ஒட்டி நின்னேன். வாழைப்பழம் ரோட்டுல விழுந்துச்சு. ஒரு லாரி அத முடிச்சு வச்சது.

அந்தப் பக்கம் இறங்குனா நடைபாதையே இல்ல. புல்லு மேடு, அப்புறம் ஒரு லொங்காங், அதுக்கு மேல ஒத்தப் பலகை. பலகை என் செருப்ப நம்பல. இடது காலு முட்டி வரைக்கும் உள்ள போச்சு. காலு வந்துச்சு, செருப்பு வரல. மிச்ச வெத்தலையும் போச்சு.

செல்வராஜு வீட்டு கேட்டுக்கிட்ட போகும்போது மணி பத்து இருபது. வாசல்லயே நின்னான், இன்னும் காதுல போனோட.

"ஆமாக்கா. ஆமாக்கா, வாங்கிக்கிட்டேன். வச்சிடுறேன்" ன்னு சொல்லிட்டு என்னை மேல இருந்து கீழ பாத்தான். எட்டு வருஷத்துல முதல் வார்த்தை இதுதான்:

"மாமா, நான் கார்டு வாங்கிக்கிட்டு அழுதேனாமே?"

நான் செருப்பில்லாத கால மத்தக் காலுக்குப் பின்னால ஒளிச்சேன்.

"அப்ப அழுதது யாரு?"

"பீட்டரு. தோசைக் கடை."

"உறை மேல என் பேரு இருந்திருக்குமே?"

"பேனா எழுதல."

என் பையில இருந்த பேனாவ எடுத்து உள்ளங்கையில ஒரு கோடு போட்டான். "நல்லா எழுதுதே மாமா."

அதுக்கு மேல என்னால முடியல. "நீ மட்டும் உன் மகன் கல்யாணத்துல என் பேரு போட்டியா? முப்பத்தொரு பேரு போட்டியே."

எந்தக் கார்டுன்னே அவனுக்கு ஞாபகம் வரல. எட்டு வருஷம் நான் தூங்காமக் காத்த கோபம், எதிராளிக்கு விஷயமே தெரியல.

"ஓ, அதுவா. அச்சாபீசுல ஒரு வரியவே விட்டுட்டான் மாமா. என் கூடப் பொறந்த தம்பி பேரே அதுல இல்ல. அவன் வந்து பந்தியில பரிமாறிட்டுல்ல போனான்."

எண்ணத் தெரிஞ்ச எனக்கு யாரு பேரு இல்லன்னு பாக்கத் தெரியல. இருந்தாலும் எட்டு வருஷத்த சும்மா விட முடியுமா? அன்னைக்கிலேர்ந்து அந்த அச்சாபீசுக்காரங்கூட பேச்சு இல்ல.

"மணி பத்து இருபத்தஞ்சு. தட்டயாவது குடுங்க லா" ன்னான்.

தட்டுல ஒட்டிக்கிட்டிருந்தது ஒரு கொட்டைப்பாக்கும் கொஞ்சம் குங்குமமும்தான். அத நீட்டுனேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். "அக்கா கேட்டா கார்டும் வந்துச்சுன்னுதான் சொல்லுவேன். நீங்களும் மாத்திப் பேசாதீங்க."

கோபக்காரனுக்கு இதவிடக் கேவலம் கிடையாது. எதிராளி உதவி பண்ணிட்டான்.

"ஒத்தச் செருப்போட எங்க நடப்பீங்க? கார்ல ஏறுங்க" ன்னான். ஏறுனேன். யூ டர்ன் எடுத்து, நெரிசல்ல நின்னு, எங்க பக்கம் வர அரை மணி நேரம் ஆச்சு. எட்டு வருஷப் பேச்சுக்கு அது போதும்.

பாலத்துக்கிட்ட வந்தா என் சைக்கிளக் காணோம்.

செல்வராஜு கார பீட்டரு கடைக்கு முன்னால சைக்கிள் பாதையில நிறுத்துனான். பீட்டரு கார்டோட ஓடி வந்தான். "அண்ணே, தாய்மாமன் செல்வராஜுன்னு பேரு பெருசா போட்டுருக்கே, இவருதானா?"

சம்சாரம் போட்ட பேரு அது. செல்வராஜு கார்ட ரெண்டு கையால வாங்கிப் படிச்சான். கண்ணு கலங்குச்சு. காலையில நான் அவ கிட்ட சொன்னது எல்லாம் அப்பத்தான் முழுசா உண்மையாச்சு, ராகு காலத்துல.

"என் சைக்கிளு எங்க பீட்டரு?"

"இப்பதான் மாநகர மன்ற லாரி வந்துச்சு அண்ணே. பாதையில தடங்கலா இருக்குன்னு தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க."

"உன் மேசை?"

"அத ஒன்னும் சொல்லல. அதுல உக்காந்துதான் தே தண்ணி குடிச்சாங்க."

மத்த உறைங்க எல்லாத்துலயும் நானே பேரு எழுதுனேன். சைக்கிள் பாதையப் பத்தி நான் கத்துக்கிட்டது ஒன்னுதான்: அதுல எத வேணும்னாலும் நிறுத்தலாம், சைக்கிள மட்டும் நிறுத்தக் கூடாது.