உடைந்தால் யார் அழ வேண்டும்?

உலகத்தில் நடக்கும் அத்தனை சண்டைகளுக்கும் ஒரே காரணம், பொருள் எந்த இடத்தில் கைமாறுகிறது என்பதை மனிதர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ளாததுதான். இது எங்கள் எஃப்.ஓ.பி. அண்ணாச்சியின் முடிந்த முடிவு. மாமியார் மருமகள் சண்டையும் இதில் அடக்கம்.

கேரளத் தலைநகரில், தம்பானூரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைப்பவர்களுக்குக் கப்பல் பிடித்து, சுங்க வேலை முடித்து, லாரியில் ஏற்றிவிடுவது எங்கள் பிழைப்பு. அண்ணாச்சி அங்கே சீனியர். நாஞ்சில் நாட்டுக்காரர், குடியிருப்பு வலியசாலையில். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

எஃப்.ஓ.பி. என்பது கப்பல் வியாபாரத்தில் ஒரு விதி. சரக்கு கப்பலில் ஏறும்வரை விற்றவன் பொறுப்பு. ஏறிய பிறகு நனைந்தாலும் நொறுங்கினாலும் வாங்கியவன் பொறுப்பு. புதிதாக இறக்குமதிக்கு வருகிறவர்களிடம் அண்ணாச்சி வணக்கம் சொல்வதற்கு முன்பே கேட்பார்: "ஒடஞ்சா யாரு அழணும்?"

பக்கத்து ஊரான கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு பேக்கரி தொடங்கவிருந்த ஒருவர், சீனாவில் ஓவன் வாங்கிவிட்டு இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டார்.

"புது ஓவன் சார். அது எதுக்கு உடையணும்?"

"புதுசு பழசுன்னு கடலுக்குத் தெரியுமாவே? கப்பல் ஏறின பெறகு ஒடஞ்சா நீருதான் அழணும். இன்சூரன்ஸ் எடுத்தேர்னா, கூட அழ ஆளு உண்டு."

அவர் எடுக்கவில்லை. கப்பல் கிளம்பிய மறுநாள் பயம் பிடித்து ஓடிவந்தார். கடலில் நேரும் நஷ்டத்தையும் விற்றவன் தலையில் கட்டும்படி பேரத்தை மாற்றித் தர முடியுமா என்று கெஞ்சினார். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏத்தியாச்சு. ஏத்தின பெறகு பொறுப்பு மாறுற கோட்ட நவுத்தினா லோகம் நிக்குமா?" ஓவன் பத்திரமாகவே வந்து சேர்ந்தது. அதில் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இந்தச் சட்டம் அலுவலகத்தோடு நின்றிருந்தால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். ஆட்டோவில் ஏறும்போதே, மழையில் காகிதக்கட்டு நனைந்தால் யார் பாடு என்று டிரைவரிடம் பேசி முடித்துவிடுவார். தனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் பொறுப்பு மண்டப வாசலில் கைமாறுமா, புகுந்த வீட்டு வாசலிலா என்று மாமனாரைக் கேட்டாராம். "அன்னைக்கே நான் உசாராயிருக்கணும்" என்று அவர் மனைவி இன்றும் சொல்வார்.

ஆனால் உச்சகட்டம் டீ விவகாரம்தான்.

கட்டடத்தின் அடியில் தங்கப்பன் சேட்டனின் டீக்கடை. அவரே கம்பிக் கூடையில் கிளாஸ்களை அடுக்கி மாடி ஏறுவார். ஒருநாள் படியில் டீ கொட்டிவிட்டது. கொட்டிய டீ யாருடையது என்ற வாதம் முற்றி, தங்கப்பன் டீ கொடுப்பதையே நிறுத்திவிட்டார். நாங்கள் கொட்டாவி விட்டே ஒரு வாரத்தை ஓட்டினோம். கடைசியில் அண்ணாச்சி, மரப்பெட்டிகளில் குறி போடும் சிவப்பு பெயிண்டை எடுத்துப்போய்ப் படிக்கட்டின் நடுத் திருப்பத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே தங்கப்பன் ரிஸ்க், மேலே அண்ணாச்சி ரிஸ்க். தங்கப்பன் தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார்.

கோடு என்றால் கோடுதான். ஒருநாள் வேகமாக இறங்கிய அண்ணாச்சியே தங்கப்பன் மீது மோதி எல்லா டீயையும் கவிழ்த்தார். குனிந்து பார்த்தார். "கோட்டுக்குக் கீழ. உம்ம பாடு." சொல்லிவிட்டு, சட்டையிலிருந்த டீயைத் துடைத்துக்கொண்டு போனார்.

அப்புறம் ஜூன் மாதத்து இடவப்பாதிப் பருவமழை வந்தது. ஈரப் படியில் தங்கப்பன் வழுக்கி விழுந்தார். விழுந்தது கீழ்ப்படிகளில், கோட்டுக்கு வெகு கீழே. நான் பார்த்தேன், அண்ணாச்சியும் பார்த்தார். கால் முறிந்துவிட்டது. ஆனால் மெடிக்கல் காலேஜ் கட்டிலில் தங்கப்பன் முனகியது காலுக்காக அல்ல. கடையை எடுத்து மொபைல் கடைக்காரனுக்குக் கொடுக்க கட்டட முதலாளி காத்திருந்தார். நாலு நாள் பூட்டிக் கிடந்தால் போதும், கடை கைவிட்டுப் போகும். தங்கப்பனுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்தக் கடைதான் எல்லாம்.

"கட நான் தொறக்கேன்" என்றார் அண்ணாச்சி. "நீரு கோடு தாண்டித்தான் விழுந்தேரு. என் ரிஸ்க்."

தங்கப்பன் வலியிலும் நேர்மையானவர். "அண்ணாச்சி, ஞான் கோட்டுக்குத் தாழெயாணு வீணது."

"மேல."

"காலு தாழெயாயிருந்நு."

"தல மேல பாத்துல்லா இருந்துச்சு? தலதான் கணக்கு. பேசாம படும்."

மறுநாள் காலை முதல் அண்ணாச்சி லீவு எடுத்து டீ போட்டார். அதை டீ என்று சொன்னது அவர் மட்டும்தான். கட்டடம் முழுக்க முகம் சுளித்துக் குடித்தது. யாராவது வாய் திறந்தால், "கிளாஸ் கையில வாங்கியாச்சுல்லா? இனி உம்ம பாடு" என்பார். முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி அவருக்கு ரிஸ்க் கைமாறும் விதிகளை முழுதாக விளக்கி, ஒரு கிளாஸும் கொடுத்தார். இரண்டில் எதைத் தாங்கமுடியவில்லையோ, மனிதர் பிறகு கடைப்பக்கமே வரவில்லை.

தங்கப்பன் காலைச் சாய்த்துச் சாய்த்துத் திரும்பி வந்தபோது, நடுத் திருப்பத்துக் கோட்டைக் காணோம். சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. தரையை ஒட்டிய முதல் படியில் புதிதாக ஒரு சிவப்புக் கோடு, பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெயிண்டை மிதிக்காமல் தாண்டி மேலே ஏறினார். 

போன மாதம் அண்ணாச்சி ஓய்வு பெற்றார். அவருக்கு நாங்கள் கொடுத்த பரிசு ஒரு பீங்கான் டீ செட். அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே வாங்கியது. அவர் கேட்கவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார். நாங்கள் பின்னாலேயே போனோம். கோட்டருகில் வந்ததும் நின்றார்.

கீழே தங்கப்பன் காத்திருந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"இங்ஙோட்டுத் தா அண்ணாச்சி. கோட்டுக்குத் தாழெ என்டெ ரிஸ்க்காணு."

அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் கொடுத்தார். நொண்டுகிறவர் கையில் பீங்கான் பெட்டி. பக்கத்தில் வெறுங்கையோடு அண்ணாச்சி. இருவரும் வலியசாலைப் பக்கம் நடந்து போனார்கள். ஒன்றும் உடையவில்லை. ஆனால் கோட்டுக்கு மேலே நின்ற நாங்கள் எல்லோரும் அழுதோம்.